மிளகு இருந்த அறை

ஃபோர்ட் கொச்சி போயிருக்கிறீர்களா? போயிருந்தால் சீன வலைக்கு முன்னால் நின்று கட்டாயம் ஒரு போட்டோ எடுத்திருப்பீர்கள். தப்பில்லை, எல்லோரும் எடுப்பதுதான். அடுத்த முறை போகும்போது வலையோடு திரும்பிவிடாமல், கரையை ஒட்டியே மட்டாஞ்சேரி பக்கமாகக் கொஞ்சம் நடந்து பாருங்கள். நீளநீளமான ஓட்டுக் கூரைகளோடு, தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பெரிய வளாகம் வரும். ஆஸ்பின்வால் ஹவுஸ்.

ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேய வியாபாரி 1867-ல் தொடங்கிய கம்பெனி. மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காயெண்ணெய், மரம், எலுமிச்சம்புல் எண்ணெய், தோல். பின்னாளில் கயிறு, காபி, தேயிலை, ரப்பர். மலையிலும் தோப்பிலும் விளைந்ததெல்லாம் இப்படிப்பட்ட குடோன்களுக்கு வந்து, எடை பார்த்து, மூட்டை தைத்துக் கப்பலேறியது. அப்புறம் காலம் மாறியது. வியாபாரம் இடம் மாறியது. குடோனில் வௌவால் குடியேறியது.

2012 டிசம்பர் 12-ம் தேதி, அதாவது 12-12-12 அன்று, அந்தக் கதவுகள் மறுபடி திறந்தன. இந்த முறை உள்ளே போனது மூட்டை இல்லை, கலை. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள் சேர்ந்து தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பியென்னாலே. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். பியென்னாலே என்றால் இத்தாலிய மொழியில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவது. வெனிஸ்காரர்கள் 1895-ல் ஆரம்பித்து வைத்த பழக்கம். நமக்கு ஊர்த்தேர் வருடத்துக்கு ஒருமுறை, கும்பகோணம் மகாமகம் 12 வருடத்துக்கு ஒருமுறை. இது நடுவில் ஒன்று.

நான் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனேன். போட்டோ எடுப்பது என் பிழைப்பு. அதனால் இந்த விஷயத்தை ஒரு கலை விமர்சகரின் கண்ணால் சொல்ல எனக்குத் தெரியாது. வ்யூஃபைண்டருக்குள் என்ன தெரிந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் தெரிந்தது சுவர்.

பழைய கட்டடத்தின் சுவர் காமிராக்காரனுக்கு விரித்த வலை. சுண்ணாம்பு உதிர்ந்து, ஈரம் ஏறி, பச்சையும் பழுப்புமாகத் தேமல் படர்ந்து நிற்கும். உயரத்தில் ஒரு ஜன்னல். அதிலிருந்து சாய்வாக இறங்கும் வெளிச்சம். வெளிச்சத்தில் மிதக்கிற தூசி. இவ்வளவும் இருந்துவிட்டால் அங்கே எதைக் கொண்டு வைத்தாலும் அழகாகத்தான் இருக்கும். மூளியான பிளாஸ்டிக் வாளியை வைத்தால்கூட அதில் ஏதோ தத்துவம் இருப்பதுபோல நான்கு பேர் மோவாயைத் தடவிக்கொண்டு நிற்பார்கள்.

மியூசியம்காரர்கள் சுவருக்கு வெள்ளையடிப்பது இதற்காகத்தான். சுவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், படம் மட்டும் பேச வேண்டும். பழைய குடோனில் அது நடக்காது. சுவர் பேசிக்கொண்டே இருக்கும். அதையும் மீறிப் பேசத் தெரிந்த படைப்பு மட்டும்தான் அங்கே நிற்கும். மற்றதெல்லாம் அந்தச் சுவருக்குப் போட்ட நகை.

தொழில் சங்கடம் இன்னொன்றும் உண்டு. ஜன்னல் வெளிச்சம் நீலமாக வரும். மேலே கட்டியிருக்கும் ஸ்பாட் லைட் மஞ்சளாக அடிக்கும். நம் கண் மகா ராஜதந்திரி. இரண்டையும் சமாதானப்படுத்தி, 'எல்லாம் வெள்ளைதான் போ' என்று மூளைக்குச் சொல்லி அனுப்பிவிடும். காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஜன்னலுக்குச் சரிசெய்தால் சிற்பம் காமாலை பிடித்ததுபோல இருக்கும். சிற்பத்துக்குச் சரிசெய்தால் ஜன்னல் விஷம் குடித்ததுபோல நீலம் பாரிக்கும். பத்திரிகைகளில் இந்தக் கண்காட்சிப் படங்கள் பலவும் கறுப்பு வெள்ளையில் வருவதைப் பார்த்து 'ஆஹா, என்ன ரசனை' என்று நினைத்திருப்பீர்கள். பாதிக்குக் காரணம் ரசனை இல்லை, இந்த மஞ்சள் நீலத் தகராறுதான்.

*

அந்த முதல் வருடம் விவான் சுந்தரம் செய்திருந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023-ல் காலமாகிவிட்டார். 'பிளாக் கோல்ட்' என்று பெயர். கறுப்புத் தங்கம். வேறென்ன, மிளகு.

கொச்சிக்கு வடக்கே பட்டணம் என்றொரு ஊர். 2007 முதல் அங்கே கேரள வரலாற்று ஆய்வு மன்றத்தார் அகழாய்வு நடத்தினார்கள். நம் சங்கப் பாட்டுகளில் வருகிற முசிறி இதுவாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை, சண்டை நடக்கிறது. நடக்கட்டும். தோண்டத் தோண்ட ரோமாபுரி ஜாடியின் உடைசல், பாசிமணி, லட்சக்கணக்கில் பானை ஓடு. அளந்து, எண் போட்டு, அலமாரியில் வைத்தது போக மீந்த ஓடுகளைக் கேட்டு வாங்கிவந்து, சுந்தரம் ஒரு நகரத்தையே கட்டினார். ஓட்டுச் சில்லால் தெரு, ஓட்டுச் சில்லால் மேடு. கூடவே மிளகு. அதைப் படம்பிடித்து வீடியோவாகவும் ஓடவிட்டிருந்தார்.

மிளகு வியாபாரம் செய்த ஊரின் ஓடு, மிளகோடு சேர்ந்து, மிளகு வியாபாரம் செய்த கம்பெனியின் வளாகத்தில். இதை டெல்லியில் ஒரு ஏ.சி. ஹாலில் வைத்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால், இங்கே அது சொந்த வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது.

முசிறிக்கு யவனர் கப்பல் தங்கத்தை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போன சேதி அகநானூற்றின் 149-ம் பாட்டில் இருக்கிறது. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது. அதில் மிளகுக்குச் சொல் 'கறி'. இன்றைக்கு நாம் கறி என்றால் கசாப்புக் கடை வாசலில் போய் நிற்கிறோம். வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது, 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முசிறியிலிருந்து போன ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கப்பலுக்குப் பெயர் இருக்கிறது. சரக்குக்கு எடையும் விலையும் இருக்கிறது. மிளகைப் பறித்தவன் பெயர் மட்டும் எதிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குக் கொல்லிமலை ஞாபகம் வந்தது.

நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. வயிறு பலவீனமானவர்கள் எலுமிச்சம்பழம் கொண்டு போவது நல்லது. மேலே ஒவ்வொரு பகுதிக்கும் நாடு என்று பெயர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு... ஒவ்வொன்றும் சில குக்கிராமங்கள் சேர்ந்த ஒரு ஊராட்சி. அதில் ஒன்று திருப்புலி நாடு. அங்கே வாழ்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள். பேசுவது தமிழ்.

வல்வில் ஓரியின் மலை அது. முள்ளூர்க் காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று அகநானூறு 209 சொல்கிறது. முசிறியும் சேரனுடையது, கொல்லியும் சேரன் கைக்குப் போனது. உடனே கொல்லி மிளகு ரோமுக்குப் போனதாக மேடை போட்டுப் பேசக் கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பாட்டு கொல்லிக்கு அடையாளமாகச் சொல்வது பலாவை, மிளகை இல்லை. இன்று நீங்கள் அங்கே பார்க்கிற மிளகு, காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடி. ஆனாலும் ஆஸ்பின்வால் வளாகத்தில் மிளகைப் பார்த்தவனுக்கு மனசு போன வழி அது. சரித்திர லாஜிக் இல்லை, போட்டோகிராபர் லாஜிக்.

அடுத்த அறுவடைக்குத் திருப்புலி நாட்டுக்குப் போனேன்.

*

மிளகு பறிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைக்க இடம் விட்டுச் செதுக்கிய ஏணி. அதை மரத்தில் சாத்தி ஏறுவார்கள். இடுப்பில் துணிப்பை. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் சரம் முழுவதையும் கிள்ளிவிட வேண்டும். எல்லாம் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் பறவைக்கு யோகம். கீழே கொண்டுவந்து, மணியை உதிர்த்து, பாயில் பரப்பி வெயிலில் காயவைத்தால் பச்சை மெல்லப் பழுத்த பித்தளை நிறமாகி, அப்புறம் பழுப்பாகி, நான்கைந்து நாளில் சுருங்கிக் கறுத்துவிடும். நடுவில் ஒரு மழை வந்தால் பூஞ்சணம் பிடித்துப் போச்சு.

நான் அந்தப் பாயைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்காரப் பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காமிராவின் பின்திரையில் கொச்சிப் படங்கள் இன்னும் இருந்தன. காட்டினேன். ஓட்டுச் சில்லுகளைப் பார்த்தார், மிளகைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"இது எங்கீங்க தம்பி?"

"கொச்சிங்க ஐயா. வெள்ளைக்காரன் காலத்துக் குடோன். மிளகெல்லாம் வச்சு யாவாரம் பண்ண இடம்."

"இப்ப மிளகு எடுக்கறதில்லீங்களா?"

"இல்லீங்க. இப்ப கலைக்கண்காட்சி வைக்கிறாங்க. பார்க்க வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் வர்றாங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அத்தனை பெரிய குடோனு... அது நிறைய மிளகுன்னா எத்தனை ஏணி இருக்கும்!" என்றார்.

மூட்டைக் கணக்கு, கப்பல் கணக்கு, பவுன் கணக்கு எல்லாம் நான் படித்திருக்கிறேன். ஏணிக் கணக்கு போட்டவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஆஸ்பின்வாலுக்குள் எப்போது நுழைந்தாலும் கூரையைப் பார்த்து மனசுக்குள் ஏணி எண்ணுகிற வியாதி வந்துவிட்டது.

பாயையும் மிளகையும் எடுத்த அந்த இரண்டு நாளில் எனக்குப் பிடித்து எடுத்த படம் ஒன்று உண்டு. மரத்தில் சாத்திய ஏணி. ஆள் இல்லை. பின்னால் பனி. சென்னையில் பார்த்த நண்பர்கள் "கம்போசிஷன் பிரமாதம்" என்றார்கள்.

*

நம் சென்னையில் இப்படி எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. சேப்பாக்கத்தில், கடற்கரையைப் பார்த்தபடி நிற்கிற செனட் ஹவுஸ். ராபர்ட் சிஸம் வடிவமைத்து 1874-ல் தொடங்கி 1879-ல் முடிந்த கட்டடம். மெரினாவில் சுண்டல் சாப்பிட்டபடி எத்தனை ஆயிரம் தடவை அதைத் தாண்டிப் போயிருப்போம்? உள்ளே போனவர்கள் கையைத் தூக்குங்கள். 2006-ஐ ஒட்டி, பல்கலைக்கழகத்தின் 150-வது ஆண்டுக்காகப் பழுதுபார்த்தார்கள். அதன்பிறகும் பெரும்பாலும் பூட்டுதான்.

2019 பிப்ரவரியில் சென்னை போட்டோ பியென்னாலே அதைத் தன் முக்கிய இடமாக ஆக்கிக்கொண்டது. இதே அமைப்பு 2016-ல் முதல் தடவை நடத்தியபோது படங்களைப் பறக்கும் ரயில் நிலையத்திலும் பூங்காவிலும் வைத்தது. அதற்கு நேர் எதிராக இந்த முறை இந்த மாளிகை. பொறுப்பேற்று அமைத்தவர் புஷ்பமாலா. தன்னையே விதவிதமாக வேடம் போட்டுப் படமெடுத்துக்கொள்கிற பெங்களூர்க் கலைஞர். வேடமே தொழிலானவருக்கு, வர்ணக் கண்ணாடியும் தூண்களுமாக ஒரு ராஜா வேடம் போட்டு நிற்கிற கட்டடம் வாய்த்தது பொருத்தம்.

போட்டோவுக்கு ஒரு தொல்லை உண்டு. சிற்பம் அறையின் நடுவில் நிற்கும். வீடியோவுக்கு இருட்டு போதும். போட்டோ சுவரில் தொங்கியாக வேண்டும். பாரம்பரியக் கட்டடத்தில் ஆணி அடிக்கக் கூடாது. ஆக, சுவருக்கு முன்னால் இன்னொரு பொய்ச்சுவர் எழுப்ப வேண்டும். அப்புறம் பழைய கட்டடம் எதற்கு என்று கேட்டால், நியாயமான கேள்விதான். என் பதில், கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது. காலேஜ் பையன்கள் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். கூரையைப் பார்க்க வந்த பெரியவர்கள் குனிந்து படத்தைப் பார்த்தார்கள். இரண்டு கூட்டமும் வழியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டன. ஒரு ஊருக்கு இது நல்லது.

அந்த விழாவில் இடம்பெற்ற அருண் விஜய் மதவனின் படங்கள் நிறையப் பேரைத் தூங்கவிட்டிருக்காது. அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைகளில் உடலைக் கீறித் தைக்கிற தொழிலாளர்கள். டாக்டர் கையெழுத்துப் போடுவார், கத்தி பிடிப்பது இவர்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே சாதியினர் தலையில் விழுகிற வேலை. பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகத்தின் மாளிகையை முகப்பாக வைத்துக்கொண்ட ஒரு விழாவுக்குள், பட்டமில்லாமல் பாடம் முழுவதையும் கையால் செய்பவர்கள் வந்து சேர்ந்தார்கள். சுவர் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நழுவ முடியாத இடம் அது.

எல்லா ஊரிலும் பழைய கட்டடம் புதுக்கலையைச் சிரித்த முகத்தோடு வரவேற்பதில்லை. பிரான்சில் வெர்சாய் அரண்மனைக்குள் 2008-ல் ஜெஃப் கூன்ஸின் பளபளா உருவங்களை வைத்தபோது வாசலில் ஆர்ப்பாட்டமே நடந்தது. 2015-ல் அனிஷ் கபூர் அந்த அரண்மனைத் தோட்டத்தில் வைத்த பிரம்மாண்டக் குழல்மீது திரும்பத் திரும்பப் பெயிண்டை ஊற்றினார்கள். ராஜாவின் தலையை வெட்டியவர்களின் வாரிசுகளுக்கு ராஜா வீட்டின்மேல் எவ்வளவு பாசம் பாருங்கள்.

அதே கபூர் 2014-ல் ஆஸ்பின்வாலில், தண்ணீரைப் பார்த்த ஓர் அறையின் தரைக்குள் ஓயாமல் சுற்றும் நீர்ச்சுழி ஒன்றை வைத்திருந்தார். 'டிசென்ஷன்'. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டும். அடிவயிறு இழுக்கும். படமெடுக்கப் போனால் ஷட்டரை ஆயிரத்தில் ஒன்றாக வைத்தால் தண்ணீர் கண்ணாடிச் சில்லாக உறைந்து நிற்கிறது. அரை நொடி வைத்தால் பாலாக வழிகிறது. நான் பார்த்த சுழி இரண்டிலும் இல்லை. சத்தம் வேறு. காமிராவில் வராதவற்றின் பட்டியலில் குடோன் வாசனைக்கு அடுத்து அதையும் சேர்த்துக்கொண்டேன்.

*

அந்தப் பட்டியலின் தலைப்பில் இருக்க வேண்டியது 2016-ல் வந்தது.

ரவுல் சுரிதா என்று ஒரு கவிஞர். சிலி நாட்டுக்காரர். 1973-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கைதாகிச் சித்ரவதைப்பட்டவர். அவருக்கு ஆஸ்பின்வாலில் ஒரு நீண்ட குடோனைக் கொடுத்திருந்தார்கள். அவர் அதற்குள் கடல்நீரை நிரப்பிவிட்டார். 'வலியின் கடல்' என்று பெயர். செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எல்லோரும் தண்ணீருக்குள் நடந்து போனோம். இருபுறச் சுவரிலும் எழுத்து, கேள்விகளாக. கடைசியில், எதிர்ச் சுவரில், அந்த வேலை யாருக்காக என்பது எழுதியிருந்தது.

உங்களுக்கு அந்தப் போட்டோ நினைவிருக்கும். 2015 செப்டம்பர் 2, துருக்கியின் போட்ரம் கடற்கரை. சிவப்புச் சட்டை போட்ட குழந்தை மணலில் குப்புறக் கிடந்தது. சிரியாவிலிருந்து தப்பி வந்த குடும்பம். நம் பத்திரிகைகளில் அய்லான் என்று போட்டார்கள்; சரியான பெயர் ஆலன் குர்தி. எடுத்தவர் நிலுஃபர் டெமிர் என்ற பெண். உலகம் முழுவதும் அழுதது. ஆனால், அந்தப் படகில் ஆலனோடு அம்மாவும் அண்ணனும்கூட மூழ்கிப் போனார்கள். அண்ணன் பெயர் காலிப். 5 வயது. சுரிதா கடலைக் கொண்டுவந்து நிரப்பியது அந்த அண்ணனுக்காக. தம்பியின் படம்தான் உலகத்தைச் சுற்றியது. அண்ணனுக்கு அப்படி ஒரு படம் இல்லை. அதனால் அவனுக்காக யாரும் தனியாக அழவில்லை.

என் கழுத்தில் இரண்டு காமிரா தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே குளிர்ந்தது. எனக்கு முன்னால் ஒரு பையன் செல்போனைத் தூக்கி, அந்தச் சுவரோடு சேர்த்துத் தன்னைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். அவனைக் கோபிக்க எனக்கு உரிமை இல்லை. என் தொழிலும் அதுதானே, கொஞ்சம் பெரிய லென்ஸோடு. ஆனால், போட்டோ இல்லாத ஒருவனுக்காகக் கட்டிய அறையைப் போட்டோ எடுத்துக் காட்டுவது எப்படி? யாரையாவது கேட்கலாம் என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு வயதான மலையாளத் தம்பதி கையைக் கோத்துக்கொண்டு, வழுக்காமல், அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் கடைசிச் சுவரைப் படித்தார். தண்ணீரைக் குனிந்து தொட்டு, கோயில் குளத்தில் செய்வதுபோலத் தலையில் தெளித்துக்கொண்டார். லென்ஸை மூடியபடியே நான் வெளியே வந்தேன்.

கொல்லிமலையிலும் இப்படி ஒன்று உண்டு. கொல்லிப்பாவை. தெய்வம் செய்து வைத்த பெண் உரு. பார்த்தவர்களைச் சிரித்து மயக்கிக் கொன்றுவிடும் என்று கதை. சங்கப் பாட்டில் வருகிறது. 2000 வருடமாக எல்லோரும் அழகு என்று சொல்கிற சிற்பத்தை யாரும் போட்டோ எடுத்ததில்லை. மலையில் எட்டுக்கை அம்மனைக் காட்டி இதுதான் பாவை என்பார்கள். கும்பிட்டுவிட்டு வாருங்கள். காமிரா பையிலேயே இருக்கட்டும்.

*

கொச்சியிலும் சென்னையிலும் இவ்வளவு பார்த்த பிறகு, திருப்புலி நாட்டில் எடுத்த படங்களை எங்கே மாட்டுவது என்ற கேள்விக்கு எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை. 14 படங்களைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு மலையேறினேன். மண்சுவர் வைத்துப் புல் வேய்ந்த பழைய வீடு ஒன்று. உள்ளே தானியம் போட்டுவைக்கப் பரண். பக்கத்திலேயே கான்கிரீட் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார்கள், இதை இடிக்கப் போகிறார்கள். தாழ்வாரத்தில் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பால் படங்களைத் தொங்கவிட்டேன். கொச்சியோடு ஒப்பிட்டால் இதுவும் பாரம்பரியக் கட்டடம்தான். என்ன, அரசாங்கப் பலகை இல்லை. ஆணி அடிக்கலாம்.

சாயங்காலம் ஆள் சேர்ந்தது. கலையைப் பற்றி யாரும் பேசவில்லை. "இது நம்ம மேக்காட்டுக் கொடியில்ல?" "அட, பாயி எங்க வூட்டுது." "காயப்போட்டது பத்தலை பாரு, இன்னும் செவப்பு நிக்குது." கொடியைப் பார்த்தே யார் தோட்டம் என்று சொன்னார்கள். ஒருவர் தன் முதுகு மட்டும் தெரிகிற படத்துக்கு முன்னால் நின்று, "என் முதுக நானே இப்பத்தான் பாக்கறேன்" என்று சிரித்தார்.

எல்லோரும் போன பிறகு ஒரு பாட்டி மட்டும் ஏணிப் படத்தின் முன்னால் நின்றிருந்தார். ஆளில்லாத ஏணி. கம்போசிஷன் பிரமாதம்.

"இது எம்பையன் செதுக்குன ஏணி சாமி" என்றார். "கணுவுக்குக் கணு அவன்தான் அளவா விடுவான். மத்தவங்களுது கால் வழுக்கும்."

"பையன் இப்ப எங்கீங்க அம்மா?"

"அவன் போயி மூணு வருசமாச்சு. காச்சல்ல."

போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய் ஓட்டுப்போடும் அட்டையைக் கொண்டுவந்தார். தபால்தலை அளவில் ஒரு கறுப்புத் திட்டு. கண்ணும் மூக்கும் எங்கே என்று தேட வேண்டும். கையிலிருந்த லென்ஸ் எதுவும் அதற்கு உதவாது.

"அந்த ஏணிய எனக்குக் குடுத்துடு" என்றார்.

கொடுத்தேன். பழைய வீடு இப்போது இல்லை. புது வீட்டின் ஹாலில், டி.வி.க்கு மேலே, நாமக்கல் நகைக்கடை காலண்டருக்குப் பக்கத்தில் அது மாட்டியிருக்கிறது. ஃபிரேம் போட்டு, பொட்டு வைத்து, பூப்போட்டு.